பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத கைதிகள்: சயாம் மரண ரயிலும் தமிழர் உயிர்பிழைப்பும் (கோட்டுச்சேரிமேடு கருத்தரங்கத் தலைமை உரை)

1943 அக்டோபர் 17 அன்று, தாய்லாந்துக் காட்டுக்குள் கொன்கொய்த்தா என்னும் இடத்தில், தெற்கிலிருந்து ஏறிவந்த தண்டவாளமும் பர்மாவிலிருந்து இறங்கிவந்த தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தன்பியூசாயத்தையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குச் செல்லும் கப்பல்களுக்கு நேசநாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்து இருந்ததால், பர்மாவில் நின்ற தன் படைக்குத் தரைவழியே உணவும் வெடிமருந்தும் அனுப்ப ஜப்பான் இப்பாதையை அமைத்தது. மலையும் மூங்கில் காடும் நிறைந்த அந்த நிலத்தில் 1942 நடுவில் தொடங்கிய வேலை ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்தது. மலேசியத் தமிழர் அதைச் சயாம் மரண ரயில் என்கிறார்கள்.

பாதையை அமைத்தவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். மற்ற வகையினர் மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள். இவர்களின் தொகை குறித்த மதிப்பீடுகள் 1,80,000 முதல் 2,50,000 வரையும் அதற்கு மேலும் செல்கின்றன. மலாயாவிலிருந்து சென்றோரில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் எந்த உடன்படிக்கையும் இவர்களைக் கைதிகளாகக் கருதவில்லை. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஜப்பான் அதை உறுதிசெய்யவில்லை. ஆயினும் போர்க்கைதி என்றொரு தகுதி உலக அளவில் ஏற்கப்பட்டிருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு அந்தத் தகுதியும் இல்லை. காவலுக்குள் வைக்கப்பட்டு, கட்டாய வேலை வாங்கப்பட்டு, திரும்பிச் செல்லும் உரிமை மறுக்கப்பட்டவரைக் கைதி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இக்கருத்தரங்கு அவர்களைப் போர்க்காலக் கைதிகளாகவே கொண்டு ஆராய வேண்டும்.

இப்பொருளைப் பேசக் காவிரிப் படுகையின் இந்தக் கடற்கரை பொருத்தமான இடம். வங்காள விரிகுடாவுக்கு அப்பாலுள்ள பினாங்குடன் நாகூர், காரைக்கால் வணிகர்கள் நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்தார்கள். பினாங்கில் இன்றும் நிற்கும் நாகூர் தர்கா அதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். அண்டையிலிருந்த பிரிட்டிஷ் நாகப்பட்டினத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றனர். கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபோது, லயத்து வீடுகளில் ஒரு தலைமுறை ஏற்கெனவே பிறந்து வளர்ந்திருந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, மணியார்டரும் நின்றது.

ரப்பர் ஏற்றுமதி நின்றதும் தோட்டங்களில் வேலையும் கூலியும் போயின, அரிசி அரிதாயிற்று. அந்த நிலையில்தான் ஆள்சேர்ப்பு நடந்தது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியை நம்பி முதலில் சிலர் விரும்பியே சென்றார்கள். சென்றவர் திரும்பாதபோது அடுத்தவர் மறுத்தனர். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து ஆள் எடுத்தார்கள்; சாலையில் போனவரையும் லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகையிலிருந்து அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோன செய்தியும் உயிர்பிழைத்தோர் வாய்மொழியில் உண்டு. அடைத்த சரக்குப் பெட்டிகளில் நாட்கணக்கில் பயணம் செய்து பான் போங்கில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டார்கள்.

1943இன் மழைக்காலம் எல்லாவற்றிலும் கொடியது. பாதையை விரைந்து முடிக்க ஜப்பானிய ராணுவம் வேலை நேரத்தைக் கூட்டியது. நோயாளிகளையும் வேலைத்தலத்துக்கு விரட்டியது. உணவு சோறும் கருவாடும் நீர்த்த காய்க்குழம்பும். பல நாள் அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. மலேரியா, சீதபேதி, பெரிபெரி ஆகியவற்றோடு, மூங்கில் கீறிய சிறு காயம் எலும்பு தெரியும் புண்ணாகப் பரவும் நோயும் சேர்ந்தது. கொன்கொய்த்தா, நீக்கே பகுதி முகாம்களில் பரவிய காலரா சில நாட்களில் முகாம்களையே காலிசெய்தது.

இந்த நோய்களை இரு வகைக் கைதிகளும் எதிர்கொண்ட முறையை ஒப்பிட்டால் உயிர்பிழைப்பின் அடிப்படை விளங்கும். போர்க்கைதிகளிடம் மருந்து இல்லை. ஆனால் அமைப்பு இருந்தது. அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், வார்த்தைக்குக் கட்டுப்பட்ட அணிகள் இருந்தன, எட்வர்ட் டன்லப், ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் போன்ற மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்காத நீரைக் குடிப்பது தடை. தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்த பின்பே வரிசையில் சோறு. காலரா நோயாளிக்கு நரம்பில் ஏற்ற உப்புநீரை அவர்களே செய்தார்கள்: ஓடைநீரைக் காய்ச்சி வடித்து, உப்பை அளந்து கரைத்து, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயைப் பொருத்தி, மெல்லிய மூங்கிலைச் சீவி ஊசியாக்கி ஏற்றினார்கள். நாட்குறிப்பு எழுதியவர்களும், புதைத்தவரின் பெயரைக் குறித்துவைத்தவர்களும் இருந்தார்கள். காஞ்சனபுரியில் பூன்போங் என்ற தாய்லாந்து வணிகர் தம் உயிரைப் பணயம் வைத்து மருந்தும் பணமும் உள்ளே அனுப்பினார். இத்தனைக்குப் பிறகும் ஐந்தில் ஒருவர் இறந்தார்.

தமிழர் முகாம்களில் இந்த அமைப்பு இல்லை. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே கீற்றுக்கொட்டகையின் மூங்கில் பரணில் நெருக்கிப் படுக்கவைக்கப்பட்டனர். சில இடங்களில் பெண்களும் குழந்தைகளும் உடனிருந்தனர். மருத்துவர் இல்லை, நீரைக் காய்ச்சு என்று சொல்லி அதைச் செய்யவைக்கும் அதிகாரமுள்ளவரும் இல்லை. நாள் முழுதும் மண் சுமந்தவர் இரவில் விறகு பொறுக்கித் தண்ணீர் காய்ச்ச நேரமும் இல்லை. 1943 ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் போர்க்கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய இரு சிறு குழுக்கள் தொழிலாளர் முகாம்களுக்கென அனுப்பப்பட்டன. அதற்குள் சாவு மிஞ்சிவிட்டது. மலாயாவிலிருந்து அனுப்பப்பட்டவர்களைப் பற்றிப் போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கணக்கில் மொத்தம் 78,204 பேர், இறந்தவர் 29,634, தப்பியோடியவர் 24,626, முன்பே திருப்பியனுப்பப்பட்டவர் 6,456, போர் முடிந்தபோது எஞ்சியிருந்தவர் 17,488. தப்பியோடியவர்களில் எத்தனை பேர் காட்டிலேயே மாண்டார்கள் என்பதை இக்கணக்கு காட்டாது. உண்மையான சாவுத்தொகை இன்னும் கூடுதல் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர்.

இருந்தும், அமைப்பும் மருந்தும் இல்லாத அந்த இடத்திலிருந்து பல்லாயிரம் பேர் மீண்டார்கள். அவர்களின் நினைவுரைகளில் சில வழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே தோட்டத்தவர், உறவுமுறையினர், பிரிக்கப்படாமல் ஒட்டி நின்றார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி எடுத்துவைக்கவும், வேலைக்கு எழுப்பும் அடியிலிருந்து மறைக்கவும் ஒருவர் இருந்தார். இருந்த வேட்டியையும் சட்டையையும் அக்கம்பக்கத்துச் சயாம் மக்களிடம் கொடுத்து உணவு வாங்கியவர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். தழையையும் வேரையும் அறிந்தவர் கைமருந்து செய்தார். உடலில் வலு மிஞ்சியவர்கள் தப்பினார்கள். சயாம் கிராமத்தார் சிலருக்குச் சோறும் மறைவிடமும் கொடுத்தார்கள். சிலர் அங்கேயே குடும்பம் அமைத்துத் தங்கினார்கள். தப்பியோடுதலை ஒழுங்கீனம் என்று ஜப்பானியப் பதிவு குறித்தது. ஆயுதமும் வரைபடமும் மொழியும் இல்லாதவர் செய்த எதிர்ப்பு அது என்பதே சரியான மதிப்பீடு.

தோட்டத்தில் நின்றவர்களின் தாங்குதிறனும் இவ்வரலாற்றின் பாதி. கணவனும் மூத்த மகனும் போன வீட்டைப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கை நட்டு, கிடைத்த கீரையைச் சேர்த்துக் காத்தார்கள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் பட்டியல் எதுவும் அவர்களுக்கு வரவில்லை. கடலுக்குப் போனவர் இலங்கைக் காவலில் சிக்கும்போது கோட்டுச்சேரிமேடு போன்ற மீனவ ஊர்களில் வீட்டார் படும் தவிப்பு இங்குள்ளோர் அறிந்தது. அந்த வீடுகளுக்குப் படகின் பெயரும் ஆட்களின் பெயரும் தெரியவருகின்றன. மலாயாத் தோட்டத்துத் தாய்க்கு அதுவும் கிடைக்கவில்லை.

போர் முடிந்தபின்னும் இந்த வேற்றுமை நீடித்தது. 1945 செப்டம்பர், அக்டோபரில் ஒரு தேடல் குழு பாதை நெடுகச் சென்று 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் கல்லறைகளைக் கண்டறிந்தது. காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயத் கல்லறைத் தோட்டங்களில் இன்று பெயர் பொறித்த வரிசைகள் நிற்கின்றன. தமிழர் பெரும்பாலும் கூட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டார்கள் அல்லது எரிக்கப்பட்டார்கள். 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு இழப்பீடு வகுத்தது. ஆசியத் தொழிலாளர் அதில் இல்லை. அவர்களின் நினைவைக் காத்தது குடும்பப் பேச்சும் இலக்கியமுமே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் ஆவணங்கள் மௌனம் காத்த இடத்தில் பேசின. 2023 மே மாதம், இறந்த தமிழர்களுக்குக் காஞ்சனபுரியில் நடுகல் திறக்கப்பட்டது. அதற்குத் தமிழ்நாடு அரசும் நிதி வழங்கியது.

நடுகல்லுக்குப் பிறகு செய்ய வேண்டிய பணி பெயர்களைச் சேர்ப்பது. அதற்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது, காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் 1942க்குப் பின் மலாயாத் தொடர்பு அறுந்த குடும்பங்களின் கடிதம், புகைப்படம், கோயில் நன்கொடைக் கல்வெட்டு, வாய்மொழி ஆகியவற்றைத் திரட்டுவது. இரண்டாவது, மலேசியத் தோட்டப் பதிவேடுகளையும் லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்திலுள்ள போர்க்குற்ற விசாரணைக் கோப்புகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பது. மூன்றாவது, நாவல்களையும் நினைவுரைகளையும் சான்றாகக் கொள்ளும்போது எது கண்டது, எது கேட்டது, எது புனைந்தது என்று பிரித்தறியும் முறையை வகுப்பது. சயாமிலிருந்து மீண்டவர்களில் இன்று மிகச் சிலரே இருக்கக்கூடும். அவர்களிடம் நேரில் கேட்ட மக்கள் முதுமையில் இருக்கிறார்கள். ஆதலால் முதல் பணி அவசரமானது. மற்ற இரண்டும் அதன் மேல் எழ வேண்டியவை. இக்கருத்தரங்கின் அமர்வுகள் இந்த வரிசையிலேயே நடைபெறும்.