காப்பாற்றப் போய் உயிர்விட்டவன் குடும்பம் காத்துக் கிடப்பதா?

(ஆரம்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளம் வந்தால் மத்திய மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். அது வருமுன்பே கயிற்றையும் படகையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவன் பக்கத்து வீட்டுக்காரன்தான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தெருக்களில் படகு ஓட்டி ஜனங்களைக் கரைசேர்த்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்களும் அப்படியே செய்தார்கள். கூலி பேசிக்கொண்டு அவர்கள் புறப்படவில்லை.

அப்படிப் போனவன் திரும்பி வராவிட்டால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் கதி என்ன?

சட்டத்தில் வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேரிடர் நிவாரண நிதி விதிகளில் இறந்தவர் குடும்பத்துக்குக் கருணைத் தொகை உண்டு. 2015இல் அது ரூ.4 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2022-26 காலத்துக்கான விதிகளிலும் அதே தொகைதான். நிவாரண வேலையில் ஈடுபட்டு இறந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: மரணத்தின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும்.

இங்கேதான் ஏழையின் கால் தேய்கிறது. பிரேத பரிசோதனை அறிக்கை, போலீஸ் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு ஆபீஸ். “மீட்கப் போனான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால் விதவை எங்கே போவாள்? தாமதமானால் வட்டி தர வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிக்கு வேறு நியாயம் உண்டு. வேலையிடத்தில் ஆபத்து நேரும்போது பிறரைக் காக்கப் போய் அடிபட்டவனும் வேலையில் அடிபட்டவனே என்று 1948ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ஷரத்து சேர்க்கப்பட்டது. நஷ்டஈட்டை ஒரு மாதத்துக்குள் தராத முதலாளி 12 சதவிகித வட்டி கட்ட வேண்டும். 50 சதவிகிதம் வரை அபராதமும் உண்டு. பழைய நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்த இந்த ஷரத்து 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. முதலாளிக்குக் கெடு வைக்கிற சர்க்கார் தனக்கு ஏன் கெடு வைத்துக்கொள்ளக் கூடாது?

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆந்திரத் தொழிலாளிகள் இருவர் பாதாளச் சாக்கடைக் குழியில் சிக்கினார்கள். காப்பாற்ற இறங்கிய ஆட்டோ டிரைவரும் அவர்களோடு மாண்டார். அவருடைய மனைவிக்கு வேலை தருவதாகக் கேரள சர்க்கார் அறிவித்தது. நல்லது. ஆனால் நாடே பேசியதால் நடந்தது அது. பத்திரிகையில் பெயர் வராதவன் குடும்பத்துக்கு யார் பேசுவது?

அமெரிக்காவில் 1976இலேயே, சம்பளமில்லாத தொண்டர் தீயணைப்பு வீரனின் குடும்பத்துக்கும் உதவித்தொகை தரச் சட்டம் வந்தது. அங்கும் மனுக்கள் வருஷக்கணக்கில் தேங்கின. தாமதத்தைக் குறைக்க 2017இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆகவே தொகையை எழுதி வைத்தால் மட்டும் போதாது, தோழர்களே! தேதியையும் எழுதி வைக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. மரணம் நேர்ந்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணை கொடு!

2. மீதியை ஒரு மாதத்துக்குள் கொடு. தவறினால் 12 சதவிகித வட்டி சேர்த்துக் கொடு!

3. சான்றுகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தாசில்தாரிடம் வை. விதவையை அலைய விடாதே!

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. படகு கிளம்பும்போதே போகிறவர் பெயர், நேரம், அழைத்தது யார் என்பதை ஒரு நோட்டில் எழுதி, கிராம நிர்வாக அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திடட்டும். நாளைக்கு ஆதாரம் கேட்பவனுக்கு அந்த நோட்டே பதில் சொல்லும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஊருக்கு ஊர் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கலெக்டருக்கு அனுப்புவோம்!