பதினான்கு நாடுகளின் மலை



காளப்பநாயக்கன்பட்டி மலையின் வாயிலில் அமைந்த ஊர். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வரும் பேருந்து இவ்வூரைக் கடந்துதான் காரவள்ளி அடிவாரத்தை அடைகிறது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை எட்டுகிறது. பேருந்தில் செல்வோர் இவ்வூரை ஒரு நிறுத்தமாகவே அறிவர். ஆயினும், இரண்டு வகையான ஆட்சிமுறைகள் சந்திக்கும் எல்லையில் இவ்வூர் இருக்கிறது. அடிவாரத்தில் இருப்பது பேரூராட்சி; மேலே இருப்பவை நாடுகள். ‘நாடு’ என்னும் அச்சொல்லின் வரலாறும், அது இன்று பெற்றிருக்கும் பொருளும், இனிப் பெறவேண்டிய பொருளுமே இவ்வுரையின் கருப்பொருள்.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. நாமக்கல் சமவெளியிலிருந்து சுவர்போல் செங்குத்தாக எழுந்து, உச்சியில் அகன்ற மேட்டுநிலமாக விரிகிறது. மேட்டுநிலத்தின் உயரம் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். மலையின் சரிவுகளில் காடும், மேட்டுப்புறங்களில் புன்செய்யும், பள்ளத்தாக்குகளில் நெல்வயலும் உள்ளன. மேலே ஊறும் நீர் ஐயாறாகத் திரண்டு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக விழுந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிக் காவிரியை நாடிச் செல்கிறது. மேலே பெய்யும் மழையின் பயனைக் கீழே இருப்போரும் துய்க்கின்றனர் என்பதை இங்கே மனத்தில் கொள்ளவேண்டும்.

இம்மலைக்குச் சங்க காலத்திலேயே தனிப்புகழ் உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இதனை ஆண்டான். புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடிய பாடல்களுள் ஒன்று ஒரு வேடனைக் காட்டுகிறது. தன் வில்லாற்றலால் வேட்டையாடிக்கொண்டிருந்த அவனைக் கண்ட பாணர் கூட்டம் இன்னான் என்று அறியாமல் பாடிப் புகழ்கிறது. தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். இருப்பதை வாரி வழங்குகிறான். கொடுத்துவிட்டு நாணி நிற்கும் அக்குணம் மன்னனுடையது மட்டுமன்று. மலையின் குணமும் அதுவே என்று கருதலாம். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியையும் சங்க இலக்கியமே தருகிறது. வளம் மிகுந்த இடத்தைப் பிறர் விரும்புவர், கைப்பற்றவும் முனைவர். மலையின் வரலாற்றில் இவ்விரு இழைகளும், அதாவது கொடுத்தலும் கொள்ளப்படுதலும், தொடர்ந்து வருகின்றன.

மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் கேரள மொழியைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்பதே இதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி கொல்லிமலை ஒன்றியத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழங்குடியினர்.

இனி ஆட்சிமுறையைக் காண்போம். கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் பதினான்கு ஊராட்சிகள் உள்ளன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, குண்டுனி நாடு, பேரக்கரை நாடு, சித்தூர் நாடு, எடப்புளி நாடு, திருப்புளி நாடு, பைல் நாடு ஆகியன அவை. சமவெளியில் ஊராட்சிகள் பட்டி, பாளையம், புதூர் என்று பெயர் பெற, மலையில் ஒவ்வொன்றும் நாடாகவே நிற்கிறது.

இது வெறும் பெயர்ச்சிறப்பு அன்று. சோழர் காலத்தில் நாடு என்பது பல ஊர்களை உள்ளடக்கிய ஆட்சிப் பிரிவு. அதன் பொறுப்பாளர் நாட்டார். நீர், நிலம், வரி ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கூடி முடிவெடுத்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சோழ மண்டலத்தின் நாடுகளைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு வரைபடமாக்கிய பேராசிரியர் சுப்பராயலு, 1973இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் இவ்வமைப்பை விளக்கிக் காட்டினார். சமவெளியில் அந்நாடுகள் பேரரசுகளின் மாற்றத்தோடு மறைந்தன. பெயர்கள் கல்லில் மட்டும் எஞ்சின. மலையிலோ, ஊர்க்கவுண்டரும் அவருக்கு மேற்பட்ட நாட்டாரும் பட்டக்காரரும் அண்மைக் காலம் வரை வழக்குத் தீர்த்தும் திருவிழா நடத்தியும் வந்தனர். கல்வெட்டில் படிக்கவேண்டிய சொல், கொல்லிமலையில் பேருந்தின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது.

ஆனால், பழைய முறையை முற்றும் போற்றுதலும் பொருந்தாது. அம்மன்றங்களில் பெண்களுக்கு இடமில்லை. பதவி பெரும்பாலும் பரம்பரையாக வந்தது. 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் அதன் வழி எழுந்த 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இக்குறைகளை நீக்க வழி செய்தன. 1996இல் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மகளிர்க்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் அது பாதியாக உயர்ந்தது. நாட்டார் இருந்த இருக்கையில் மலைமகள் ஒருத்தி அமரும் நிலை பிறந்தது. இது சிறிய மாற்றம் அன்று.

அதே காலத்தில் மாவட்டமும் மாறியது. 1997 சனவரி முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் மாவட்டம் செயற்படத் தொடங்கிற்று. பின்னர் கொல்லிமலை தனி வட்டமாயிற்று. சான்றிதழுக்காக மலையிறங்கி வந்தோர்க்கு இது பெரும் உதவி. சட்டமன்றத்திலோ, சேந்தமங்கலம் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. தமிழகத்தில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமுமாகிய இரண்டே.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு சிறுநிலத்தை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரட்லந்து என்றொரு மாவட்டம் உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டின் கணக்குப்படி மக்கள் ஏறத்தாழ 41,000 பேர். ஆக, பரப்பாலும் மக்கள்தொகையாலும் அது கொல்லிமலைக்கு நெருங்கிய உறவு. அங்கே மலை இல்லை. மிக உயர்ந்த மேடும் 200 மீட்டரை எட்டாது. ஓக்கம், அப்பிங்கம் என்னும் இரு சிறு நகரங்களும், கல் வீடுகள் கொண்ட சிற்றூர்களும், மேய்ச்சல் நிலமும் கழனிகளுமாக அது விளங்குகிறது. ஓக்கம் கோட்டையின் மண்டபத்தில், அவ்வூர் வழியே முதன்முறை வரும் பிரபு ஒரு குதிரை லாடம் காணிக்கை தரவேண்டும் என்னும் பழைய வழக்கத்தால் சேர்ந்த லாடங்கள் சுவரெங்கும் தொங்குகின்றன. ‘சிறியதில் பெரிது’ என்னும் பொருள்பட அமைந்தது அம்மாவட்டத்தின் முத்திரைத் தொடர்.

அச்சிறு நிலத்தை 1974இல் அரசு தனி மாவட்டம் என்னும் தகுதியிலிருந்து நீக்கிப் பக்கத்து லெஸ்டர்சயருக்குள் அடக்கியது. இத்துணைச் சிறிய பகுதிக்குத் தனியாட்சி வேண்டியதில்லை என்பது அரசின் கருத்து. மக்கள் அதனை ஏற்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் தம் மாவட்டத்தின் பெயரை விடாது பற்றி நின்றனர். அதே 1970களில் அவர்களுடைய பள்ளத்தாக்கு ஒன்றில் அணைகட்டி, வெளியூர் நகரங்களுக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரி அமைக்கப்பட்டது. விளைநிலத்தை இழந்த மக்கள், அந்த ஏரிக்கேனும் தம் மாவட்டத்தின் பெயரைச் சூட்டவேண்டுமென வேண்டினர், அவ்வாறே சூட்டப்பட்டது. 1997 ஏப்ரல் முதல் நாளில் ரட்லந்துக்குத் தன்னாட்சி திரும்பியது. நாமக்கல் மாவட்டம் பிறந்து சரியாக மூன்று திங்கள் கழிந்திருந்த நேரம் அது.

ரட்லந்தின் ஆட்சிமன்றம் பள்ளி, சாலை, நூலகம், முதியோர் பேணல், கட்டட அனுமதி ஆகியவற்றையெல்லாம் தானே கவனிக்கிறது. கொல்லிமலையின் ஊராட்சியோ குடிநீர், தெருவிளக்கு, சிறு பாதை ஆகியவற்றைப் பார்க்கிறது. பள்ளியும் மருத்துவமும் காடும் பெருஞ்சாலையும் தனித்தனித் துறைகளின் கையில் உள்ளன. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவாக 29 பொருள்களை எண்ணிக் காட்டினாலும், அட்டவணையில் இருப்பது வேறு. கைக்கு வருவது வேறு.

ரட்லந்தின் வெற்றியும் நிலையானதென்று சொல்வதற்கில்லை. 2024 டிசம்பரில் ஆங்கில அரசு வெளியிட்ட வெள்ளையறிக்கை, சிறிய ஆட்சிமன்றங்களை இணைக்கும் பேச்சை மீண்டும் எழுப்பியது. சிறியோர் தம் உரிமையை ஒருமுறை பெற்றால் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் காத்தல் வேண்டும் என்பதே அதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

கொல்லிமலையில் காக்கவேண்டுவது எது? முதலாவது, தேர்தல். 2016இல் நடந்திருக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தமிழகத்தில் தள்ளிப்போயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். நாமக்கல் மாவட்டத்து ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, ஆட்சி மீண்டும் தனி அலுவலர் கைக்கு மாறியது. அலுவலர் எத்துணை நல்லவராயினும், அவர் நாட்டார் ஆகார். நாட்டார் இல்லாத நாடு பெயரளவில் மட்டுமே நாடு.

இரண்டாவது, மன்றம். பழங்குடிப் பகுதிகளுக்கென 1996இல் நாடாளுமன்றம் தனி ஊராட்சி விரிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. தம் மரபுப்படி தம் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு சிற்றூருக்கும் தனிக் கிராம சபை உண்டு என்றும், நிலமெடுப்புக்கு முன் அதனைக் கலந்தாய வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆனால் அது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது. தமிழகத்தில் அத்தகைய பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஆதலால் கொல்லிமலையில் ஒரு நாடு முழுமைக்கும் ஒரே கிராம சபை. மலையிலுள்ள சிற்றூர்களோ இருநூற்றை விஞ்சும். ஓடை கடந்து, சரிவு ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து ஒரு தாய் அவ்வவைக்கு வருவது எளிதன்று. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022 முதல் ஆறாயின. எண்ணிக்கை பெருகியது நன்று. தொலைவும் குறையவேண்டும் அன்றோ?

இது ஏட்டுச் சிக்கல் அன்று, வாழ்வோடு பின்னியது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த புன்செய்களில் பின்னாளில் குச்சிக்கிழங்கு பரவியது. சமவெளியின் சவ்வரிசி ஆலைகள் அதற்கு விலை தந்தன. சிறுதானியத்தை உரலில் குற்றி உமி நீக்கும் உழைப்பும் பெண்களுக்கு மிச்சமாயிற்று. ஆனால் வீட்டு உணவு நிலத்தை விட்டுக் கடைக்கு மாறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே பணி தொடங்கி, மரபு விதைகளைக் காக்கவும், குற்றும் பளுவைக் குறைக்கச் சிறு அரவை இயந்திரங்களைத் தரவும், பெண்கள் குழுக்களை அமைக்கவும் முயன்றது. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் மலையின் மற்றச் செல்வங்கள். மேட்டில் பாக்சைட்டு அகழ்ந்த காலமும் உண்டு. ஓடைநீரைக் கொண்டு 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. எதை விதைப்பது, எதை அகழ்வது, எந்த ஓடையைத் திருப்புவது என்னும் வினாக்களுக்கு விடை எந்த அவையில் பிறக்கிறது என்பதே ஒரு நாட்டின் நிலையைக் காட்டும் அளவுகோல். 2006இன் வன உரிமைச் சட்டம் உரிமைக் கோரிக்கைகளை முதலில் ஆராயும் பொறுப்பைக் கிராம சபைக்கே தந்துள்ளது. அச்சட்டத்தைப் பயன்படுத்த ஐந்தாவது அட்டவணை வேண்டியதில்லை. வழி அடைபட்டிருக்கவில்லை, நடப்பார் வேண்டும்.

அடிவாரத்து ஊர்களுக்கும் இதில் பங்குண்டு. மலையின் பலாவும் மிளகும் இவ்வழியேதான் இறங்குகின்றன. ஆடிப் பதினெட்டையொட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்குச் செல்லும் கூட்டமும் இவ்வழியேதான் ஏறுகிறது. விழாவில் ஓரியின் சிலைக்கு மாலை விழுகிறது. மலர்க் கண்காட்சி நடக்கிறது. மறுநாள் கூட்டம் இறங்கிவிடுகிறது. வாயிலில் இருப்போர் வருவோரையும் போவோரையும் எண்ணுபவராக மட்டும் இராமல், உள்ளே வாழ்வோரின் குரலைக் கேட்பவராகவும் இருத்தல் வேண்டும். குரலை ஏட்டில் ஏற்றுதல் இலக்கிய வட்டங்களின் கடமை. நாடுகளின் எல்லைக்கதைகள், ஊர்க்கவுண்டர் தீர்த்த வழக்குகள், விதைகளின் பெயர்கள், மலைப்பெண்களின் சொல்வழக்குகள் ஆகியவை முதியோர் நினைவில் உள்ளன. அவற்றைத் தொகுக்கும் பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், எழுபது வளைவுகளைக் கடக்கும் பொறுமையும் போதும்.

ரட்லந்து மக்கள் பெயரைப் பற்றிக்கொண்டு ஆட்சியை மீட்டனர். கொல்லிமலை மக்களிடம் பெயர் ஆயிரம் ஆண்டு மரபோடு ஏற்கெனவே இருக்கிறது. பதினான்கு பலகைகளில் எழுதப்பட்டிருக்கும் அச்சொல்லுக்கு உரிய பொருளும் ஒருநாள் வந்து சேருமாக!

வாழிய கொல்லி! வாழிய தமிழ்!