பீலிக்குத் தண்ணீர் தரும் காடு

நல்லதண்ணியில் கடைசித் தேயிலை நிரை முடிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் கவ்வாத்து வெட்டிய செடி, வெயிலில் காய்ந்த மண். நாலு எட்டு தள்ளிப் போனால் பாசி போர்த்திய மரம். பாசியைப் பிழிந்தால் கையில் நீர் சொட்டும்.

இதுதான் சிவனொளிபாத மலைக் காடு. ஒரு காலத்தில் மலைநாட்டின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, பிறகு தேயிலை. வெட்டியதும் நட்டதும் நம் பாட்டன் பூட்டன் கைகள்தான். அதைச் சொல்லாமல் இந்தக் காட்டின் கதையைச் சொல்ல முடியாது.

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டைக் காக்க வேண்டும் என்று 1873இல் அறிவுறுத்தினார். உச்சிக் காடு அழிந்தால் ஆறு வற்றும் என்பது அன்றே புரிந்திருந்தது. 1940இல் சிவனொளிபாத மலைக் காடு சரணாலயமானது. பரப்பு ஏறத்தாழ 22,000 ஹெக்டேயர். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

களனி, களு, வளவை ஆறுகளுக்கு ஊற்று இங்கேதான். லயத்துப் பீலியில் விழுகிற தண்ணீரும், கொழும்பில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரும் ஒரே மலை தந்தவை.

டிசம்பர் போயாவோடு சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் தொடங்கும். மலையேறுகிறவர்களே, கொண்டுபோகிற பொலித்தீனையும் போத்தலையும் வழியிலுள்ள சீத கங்குல ஓடையில் விடாமல், தயவுசெய்து திரும்பக் கொண்டு வாருங்கள்.