தாவலும் துள்ளலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மொழிவளம் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் காதலையும் வீரத்தையும் அறத்தையும் குறிக்கும் சொற்களையே எடுத்துக்காட்டுவர். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அத்துணைப் பெருமிதமான பொருளன்று. நம் பிள்ளைகள் மாலைப்பொழுதில் கையாலும் காலாலும் செய்யும் செயல்களுக்குத் தமிழில் உள்ள சொற்களைப் பற்றியே சிறிது கூற விரும்புகின்றேன்.

கால் நிலத்தை விட்டு எழுதல் என்பது ஒரு செயல்தான். ஆயினும் தமிழ் அதனை எத்தனை வகையாகப் பிரித்துக் காண்கின்றது! மேலிருந்து கீழே இறங்கினால் குதித்தல். ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்தைப் பற்றினால் தாவுதல். இடையில் உள்ளதைக் கடந்தால் தாண்டுதல். முன்னோக்கி விசையுடன் சென்றால் பாய்தல். உள்ளக் களிப்பால் எழுந்தால் துள்ளுதல். உயரத்தில் உள்ளதை எட்டுவதற்கு நுனிக்காலில் எழுந்தால் எம்புதல். ஒற்றைக்காலால் சென்றால் கெந்துதல். மான் துள்ளும், மந்தி தாவும், புலி பாயும், தவளை தத்தும். புலி தத்தியது என்றால் சிறு குழந்தையும் நகைக்குமன்றோ?

இனிக் கையின் திறத்தைக் காண்போம். லாகவம் என்பது வடசொல். லகு என்றால் பளுவின்மை. தேர்ந்தவன் செய்யும் வேலை பளுவே இல்லாததுபோல் தோன்றுவதால் அப்பெயர் நன்கு பொருந்துகின்றது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் கீழே கிடப்பனவற்றை அள்ளி, விழும் கல்லையும் ஏந்திக்கொள்ளும் சிறுமியின் விரல்களில் இந்த லாகவத்தைக் காணலாம். நாம் ஐந்தாங்கல், தட்டாங்கல் என்று கூறும் அவ்வாட்டத்தைப் பழந்தமிழர் கழங்கு என்றனர்.

உடலைச் சுழற்றும் வித்தை கரணம். நடனத்தில் கையும் காலும் மெய்யும் இயைந்த நிலைக்கும் அதுவே பெயர். அத்தகைய கரணங்கள் 108. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 கரணங்களே செதுக்கப்பட்டன. எஞ்சிய 27 கற்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. கோயிற் சிற்பத்தில் விளங்கும் அச்சொல்லே தெருவில் குட்டிக்கரணம் என வழங்குகின்றது. கழைக்கூத்தாடியைப் பார்த்து நின்ற மக்களின் வாயிலோ 'கரணம் தப்பினால் மரணம்' என்ற பழமொழியாகவும் நிலைத்தது.

காளையை எதிர்கொள்ளும் ஆட்டத்தைக் கலித்தொகை ஏறுதழுவலாகப் பாடுகின்றது. மதுரைப் பக்கத்தில் மாடு அணைதல் என்பர். அடக்குதல் என்னும் சொல் வலிமையைக் காட்டும்; தழுவுதல், அணைதல் என்பனவோ திமிலைப் பற்றி உடன் செல்லும் நுட்பத்தைக் காட்டும்.

அன்பர்களே! அறம், வீரம் போன்ற பெருஞ்சொற்களுக்கு நூல்கள் காவலாக உள்ளன. எம்பு, கெந்து, தத்து போன்ற சிறுசொற்களுக்கு மக்கள் வாயே காவல். அவற்றை நாம் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. தெருவிலும் திண்ணையிலும் கற்றோம். இங்கு நம் குழந்தைகளுக்குத் தமிழ் பேசும் தெருவும் இல்லை, திண்ணையும் இல்லை. ஆகவே ஒரே தலைமுறையில் முதலில் மறையக்கூடியவை இச்சொற்களே. வெளியே விளையாடும்போது அவர்கள் 'புர்த்தி' என்கின்றனர். அது குறையன்று, வாழும் ஊரின் மொழியை அறிவது சிறப்பே. சுறுசுறுப்பு என்னும் சொல்லை வீட்டிலும் கேளாமற் போவதே குறை.

இதற்கு மருந்து அகராதியன்று, ஆட்டமே. நம் சடுகுடு 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்ற பெயருடன் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அதனை நம் காலனி மைதானத்தில் தமிழ் பேசியே ஆடுவோம். சங்கத்தின் விளையாட்டு விழாவில் "தாவு, எம்பு, நழுவு" என்று தமிழிலேயே குரல் எழுப்புவோம். தாய்மார்கள் ஞாயிறுதோறும் ஐந்து கற்களுடன் குழந்தைகளோடு அமர்வார்களாக. வந்து சேரும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் நாலு தமிழ்ச் சொல் கற்றுச் செல்லட்டும்.

செயல் உள்ளவரை சொல் வாழும்.