பாஸ்டன் நகரத்து வைத்தியர்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு வைத்தியரைப் பற்றி. அமெரிக்கக் கரையோர மாகாணங்கள் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்த காலத்தில், பாஸ்டன் நகரில் வைத்தியம் பார்த்த ஜோசப் வாரன்தான் அவர். ஒரு தலைவரை எதைக்கொண்டு அளப்பது? பிறரைச் செய்யச் சொன்னதைத் தாமும் செய்தாரா என்ற கோலைக்கொண்டு அளக்கலாம். அதே கோலால் இவரையும் அளந்து பார்ப்போம்.

வாரன் 1741-ஆம் ஆண்டு பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில் ஒரு குடியானவரின் மகனாகப் பிறந்தார். 1755-இல் தந்தையார் ஆப்பிள் பழம் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து மாண்டார். மகனுக்கு அப்போது வயது 14. ஆயினும் படிப்பை விடவில்லை. 1759-இல் ஹார்வர்டு கல்லூரியில் தேறி, சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வைத்தியம் பயின்றார்.

1764-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. தடுப்பூசி அக்காலத்தில் கிடையாது. அம்மை கண்டவரின் கொப்புளச் சீழில் சிறிதளவு எடுத்து, நலமாய் இருப்பவரின் கையில் கீறி ஏற்றுவார்கள். பெரும்பாலோருக்கு அம்மை இலேசாகக் கண்டு ஆறிவிடும், மீண்டும் வராது. சிலர் அதிலேயே இறப்பதும் உண்டு. ஆகவே, வைத்தியரை நம்பாதவர் கையை நீட்டமாட்டார். துறைமுகத் தீவுக் கோட்டையில் அந்த வேலையைச் செய்த வைத்தியர்களில் இளைஞர் வாரனும் ஒருவர். அவர் மேடையில் பேசத் தொடங்கியபோது ஜனங்கள் செவி கொடுத்தார்கள் என்றால், நோய்ப் படுக்கையில் அவரை அறிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மன்னரின் அரசாங்கம் 1765-இல் முத்திரை வரி விதித்தது. பிறகு பட்டாளத்தை நகரத்தில் கொண்டுவந்து இறக்கியது. 1770 மார்ச் 5-இல் அந்தப் பட்டாளம் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்ந்தார்கள். 1775-இல் அந்தக் கூட்டத்தில் பேச முன்வந்தவர் வாரன். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பலர் வந்து முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் பேச வேண்டியதைப் பேசி முடித்தார்.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. தேயிலை கடலில் கொட்டப்பட்டதற்குத் தண்டனையாக 1774-இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சஃபோக் வட்டாரக் கூட்டத்துக்காக வாரன் தீர்மானங்களை எழுதினார். அந்தக் கொடுஞ்சட்டங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம், பிரிட்டிஷ் சரக்கை வாங்க வேண்டாம், வாரந்தோறும் ஆயுதப் பயிற்சி செய்யுங்கள் என்பவை அவற்றின் சாரம். பால் ரிவியர் என்ற வெள்ளித் தட்டார் அவற்றைக் குதிரையில் பிலடெல்பியாவுக்குக் கொண்டு சென்றார். அங்கே கூடியிருந்த காங்கிரஸ் அவற்றை ஆமோதித்தது. 1775 ஏப்ரல் 18 இரவு, பட்டாளம் புறப்படும் செய்தியை ஊர்களுக்குச் சொல்ல வாரன் அனுப்பியதும் அந்தத் தட்டாரையும், வில்லியம் டாஸ் என்ற தோல் பதனிடுபவரையும்தான். எழுதத் தெரிந்தவர் எழுதினார். குதிரையில் போகத் தெரிந்தவர் போனார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் காரியம் நடந்திராது.

மறுநாள் சண்டையில் வாரனும் இருந்தார். ஒரு குண்டு அவர் தலைமுடியில் செருகியிருந்த ஊசியைத் தட்டிக்கொண்டு போயிற்று. பிறகு அவர் மாசசூசெட்ஸ் மாகாண காங்கிரஸின் தலைவரானார். ஜூன் 14-இல் அவரை மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றே நாளில், ஜூன் 17-இல், பங்கர் ஹில் போர் வந்தது. களத்திலிருந்த கர்னல் பிரெஸ்காட் தளபதிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க முன்வந்தார். வாரன் மறுத்தார், துப்பாக்கி ஏந்திச் சாதாரணத் தொண்டராகவே நின்றார். வெடிமருந்து தீர்ந்தது. பிரிட்டிஷ் பட்டாளத்தின் மூன்றாவது தாக்குதலில் தலையில் குண்டு பாய்ந்து விழுந்தார். வயது 34.

பகைவர் அவரைக் குழியில் புதைத்துவிட்டார்கள். 1776-இல் பாஸ்டனை விட்டு அவர்கள் வெளியேறிய பிறகு உடலைத் தோண்டி எடுத்தார்கள். அடையாளம் தெரியவில்லை. தாம் முன்பு கம்பி வைத்துக் கட்டிக்கொடுத்த பொய்ப்பல்லைப் பார்த்து, இது வாரன்தான் என்று சொன்னவர் அதே பால் ரிவியர்.

தோழர்களே, இதோடு முடித்தால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். சஃபோக் தீர்மானங்கள், அமெரிக்காவை அடிமைப்படுத்தப் பார்க்கிறார்கள் என்று முழங்கின. அவற்றை எழுதிய வாரன் 1770-இல் ஒரு கறுப்பினச் சிறுவனை விலைக்கு வாங்கியவர். வரி கொடுப்பவரின் அடிமைத்தனம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தம் கையால் காசு கொடுத்து வாங்கிய சிறுவனின் அடிமைத்தனம் தெரியவில்லை. நாம் எடுத்த கோல் இந்த இடத்தில் அவரைத் தாங்கவில்லை. அந்த நாடு முழுவதிலும் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1865 ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. வாரனின் மனைவி 1773-லேயே இறந்துவிட்டார். ஆகவே பங்கர் ஹில்லில் அவர் விழுந்தபோது நான்கு பிள்ளைகள் தாயும் தந்தையும் இல்லாதவர்கள் ஆனார்கள். இளைய பிள்ளை வயதுக்கு வரும்வரை ஒரு மேஜர் ஜெனரலின் பாதிச் சம்பளம் கொடுக்கக் காங்கிரஸ் முடிவு செய்தது 1780-இல். தந்தை விழுந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்! அதுவரை நண்பர்கள் தந்ததைக்கொண்டு வளர்ந்தார்கள்.

ஆகவே வாரனிடமிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. தலைவர் வரிசையில் நிற்க வேண்டும். தனக்குக் கேட்கும் உரிமையைத் தனக்குக் கீழே இருப்பவருக்கும் கேட்க வேண்டும். பொதுக் காரியத்தில் விழுந்தவரின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை அன்றே கொடுக்க வேண்டும். முதலாவதை வாரன் செய்து காட்டினார். இரண்டாவதில் தவறினார். மூன்றாவதில் தவறியவர்கள் அவருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள். நம் கூட்டங்களில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றையும் கேட்டுவிட்டே கை தூக்குவோம்.