காபித்தூள் பாக்கெட்டின் பின்பக்கம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வீட்டில் நல்ல காபி போடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு காபி நிபுணர் இருக்கிறார். அவர்கள் கைப்பக்குவத்தில் நான் குறுக்கே வரப் போவதில்லை. காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் பல வருஷம் நின்றவன் என்ற முறையில், கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி. காபித்தூளுக்கு நாம் கொடுக்கிற காசு காபிக்குத்தான் போகிறதா?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து விளைச்சல் அடிபட்டது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிப் போனது. நம் நாட்டில் விளைகிற காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால், அங்கே ஏறுகிற விலை சிக்மகளூர் வழியாக நம் டம்ளர் வரைக்கும் வந்துவிடுகிறது. கொட்டை விலை ஏறும்போது விற்பவருக்கு இரண்டு வழி உண்டு. விலையை ஏற்றலாம், இல்லையென்றால் விலையை அப்படியே வைத்துக்கொண்டு சிக்கரியைக் கூட்டலாம். முதலாவது நம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரிய வேண்டுமென்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. காயவைத்து, வறுத்து, பொடித்துக் கலக்கிறார்கள். அது கலப்படம் ஆகாது. சட்டம் அனுமதித்த கலவைதான். ஆனால் அதற்கு அளவு உண்டு. காபி சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, காபி எவ்வளவு சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது பாக்கெட்டில் கிட்டத்தட்டப் பாதி சிக்கரி இருந்தாலும் விதிப்படி அது சரிதான். சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் காபிக்கும் இதே 51தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக வைத்துக்கொண்ட விலைதான் இது. 60க்கு 40 கலவை கிலோ 600 ரூபாய், 80க்கு 20 கலவை கிலோ 720 ரூபாய் என்று இருக்கட்டும். முதல் பாக்கெட்டில் காபி 600 கிராம். சிக்கரியின் விலையை விட்டுவிட்டால், கிராமுக்கு 1 ரூபாய் ஆகிறது. இரண்டாவதில் காபி 800 கிராம். கிராமுக்கு 90 காசு. விலைப்பட்டியலில் கூடுதலாகத் தெரிந்த தூளில் காபி மலிவாகக் கிடைக்கிறது. எல்லாக் கடையிலும் இப்படித்தான் வரும் என்று சொல்லவில்லை. விலையைக் காபியின் சதவீதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் எது லாபம் என்று தெரியும்.

உதிரியாக அரைத்து வாங்குகிறவர்கள் கலவையை வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். "அண்ணாச்சி, பில்லில் 80க்கு 20 என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அரை ஸ்பூன் தூளை மேலாகத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி உடனே பழுப்பு நிறக் கோடு விட்டபடி கீழே இறங்கும். சதவீதத்தை இது சொல்லாது. ஆனால் "சுத்தக் காபி" என்று வாங்கி வந்த தூளில் கோடு இறங்கினால், கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

அடுத்து கொட்டை. கடையில் காதில் விழும் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். சாதி இரண்டுதான்: அரபிகா, ரோபஸ்டா. அரபிகா உயரமான மலையில் விளைவது, மணம் அதற்கு. ரோபஸ்டா தாழ்ந்த மலைகளிலும் தாங்கி வளர்வது. கசப்பும் திடமும் அதற்கு. காஃபினும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளான்டேஷன் ஏ, பிளான்டேஷன் பி என்பதெல்லாம் கழுவிப் பதப்படுத்திய அரபிகாவின் தரப் பிரிவுகள். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒற்றைப் பருப்பாக உருண்டு விளைந்தது. தனிச் சாதி இல்லை.

ரோபஸ்டா நம் பக்கம் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நம் தென் மாவட்டங்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்கள், 19ஆம் நூற்றாண்டில் முதலில் வேலை செய்தது தேயிலைத் தோட்டத்தில் இல்லை, காபித் தோட்டத்தில். 1869இல் அங்கே இலைத்துரு நோய் தென்பட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காபி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அதே நோய் தென்னிந்திய மலைகளையும் தாக்கியது. அதைத் தாங்கி நிற்கும் செடியாகத்தான் ரோபஸ்டா பின்னால் இங்கே வந்தது. ஆகவே ரோபஸ்டா என்றால் மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். பால் ஊற்றிக் குடிக்கிற நமக்கு அதன் திடம் வேண்டும். பாதி பிளான்டேஷன் அல்லது பீபெரி, பாதி ரோபஸ்டா, மொத்தத்தில் சிக்கரி 15 அல்லது 20 சதவீதம் என்று அரைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வாங்குவது? நம் ஊர்ப் பூச்சந்தையே இதற்குப் பதில் சொல்லும். மல்லிகையை மாதத்துக்கு மொத்தமாக யாராவது வாங்கி வைப்போமா? காபித்தூளும் அப்படித்தான். அரைத்த நிமிஷத்திலிருந்து மணம் போய்க்கொண்டே இருக்கும். நாளுக்கு நாலு டம்ளர் போடுகிற வீட்டுக்குக் கால் கிலோ பத்து நாள் வரும். அதற்கு மேல் வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து தினமும் எடுத்து வெளியே வைத்தால் தூளில் ஈரம் கோக்கும். பாக்கெட் வாங்கினால் காலாவதித் தேதியோடு நிற்காமல் தயாரித்த தேதியையும் பாருங்கள்.

தண்ணீரை நாம் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிற போர் தண்ணீரில் எவ்வளவு நல்ல தூள் போட்டாலும் காபி சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. இயந்திரத்தை மிகக் குறைத்து வைத்து, உப்பே இல்லாத தண்ணீரில் போட்டாலும் சாரம் சரியாக இறங்காது. டி.டி.எஸ். அளவு 100 முதல் 200க்குள் இருந்தால் காபிக்கு நல்லது. ஆர்.ஓ. சர்வீஸ் பார்க்க வருகிறவரிடம் அளவு பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

இனி டிகாஷன். நாலு சின்ன டம்ளருக்கு மூன்று மேசைக்கரண்டித் தூள், அதாவது சுமார் 25 கிராம், 150 மில்லி தண்ணீர். பில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். குடையை வைத்து அமுக்கித் திணிக்க வேண்டாம். சிக்கரி கூடுதலாக உள்ள தூள் நனைந்ததும் பிசுபிசுத்து ஓட்டையை அடைக்கும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிஷம் விடுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் பொறுத்து, மீதியை மெதுவாக ஊற்றி மூடுங்கள். பதினைந்து இருபது நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறங்கினால் தூள் கொரகொரப்பு. ஒரு மணி நேரம் ஆனாலும் இறங்கவில்லையென்றால் தூள் மாவாக அரைபட்டிருக்கிறது, அல்லது பில்டர் அடைத்திருக்கிறது. பில்டரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் எத்தனை கண் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், கசப்பு ஏறிவிடும். ஆறிப்போனால் வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கலாம். பாலைப் புதிதாகக் காய்ச்சி, முதல் பொங்கலில் இறக்கி, ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால் ஊற்றுங்கள். டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் போதும்.

உடம்பு விஷயமும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்குக் காஃபின் 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. பில்டரில் போட்ட 150 மில்லி காபியில் 80 முதல் 120 வரை இருக்கும். அப்படியானால் மூன்று டம்ளரே ஏறக்குறைய எல்லை. இன்னொன்று இதைவிட முக்கியம்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டி. உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது தடுக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் இரண்டு இட்லியும் கையில் காபியுமாக உட்காருகிற அக்காமார் நம்மில் பலர். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். காபியை விடச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, நாலு வீடுகள் சேர்ந்து பத்து நாளுக்கு ஒரு தரம் ஒரு கிலோ அரைத்து வாங்கிக் கால் கிலோவாகப் பிரித்துக்கொள்ளலாம். மொத்தமாக வாங்குவதால் கலவையைக் கேட்டு எழுதி வாங்குவதும் எளிது, தூளும் எப்போதும் புதிதாக இருக்கும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இரண்டாவது, காபிச் சக்கையைத் தொட்டியில் கொட்டிக் கழுவாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது குழாயில் படிந்தால், அடைப்பு எடுக்கும் செலவு பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விடியும். காயவைத்து உரக்குழியில் போடலாம், பூந்தொட்டி மண்ணில் கொஞ்சமாகக் கலந்துவிடலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பாக்கெட்டைத் திருப்பி, காபி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அந்த எண்ணைச் சொன்னால், எது நல்ல தூள் என்று நாமே ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.