மாற்றுத் திறனாளிப் பிள்ளைக்கு இன்னொரு காப்பீடு



குடும்ப நலப் பேச்சு என்றதும் காப்பர்-டி, ஆபரேஷன் என்றுதான் இருக்கும் என எண்ணி, ஆண்கள் சிலர் மெதுவாக எழுந்து போகப் பார்ப்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. உட்காருங்கள். மூளை முடக்குவாதத்தாலோ மனவளர்ச்சிக் குறைவாலோ அவதிப்படும் பிள்ளை உள்ள வீட்டில் வைத்தியச் செலவை எப்படித் தாங்குவது என்பதே இன்றைய பேச்சு. அது அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம்.

"எங்களிடம்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு அந்த அட்டை ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை தருகிறது. காது கேளாத சிறு குழந்தைக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் பெரிய அறுவை சிகிச்சையும் அதில் உண்டு. அது பெரிய உதவிதான். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால் கைகொடுக்கிற அட்டை.

நம்ம பிள்ளையின் செலவு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வலிப்பு மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி. பேச்சுப் பயிற்சி வேறு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பயிற்சி இலவசம் என்றாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாத நாளில் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்குத் தாயின் கூலியும் போச்சு. இதில் எதற்கும் படுக்கையில் சேர வேண்டியதில்லை. ஆகவே அட்டை பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் பணம் இல்லை என்று பயிற்சியை நிறுத்தினால், நீட்டி வைத்த கால் மறுபடி மடங்கி இறுகிப் போகும். அப்புறம் ஆபரேஷன்தான்.

இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் நிராமயா. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் ஆகிய நான்கு வகையினருக்கு இது உரியது. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை பாதுகாப்பு. வெளிநோயாளியாகப் பார்க்கும் வைத்தியம், மருந்து, பரிசோதனை, தசைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, போக்குவரத்துச் செலவு எல்லாம் இதில் வரும். சித்தா, ஆயுர்வேதம் போன்ற மாற்று வைத்தியத்துக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு லட்சத்தையும் மருந்துக்கே வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தனியார் காப்பீட்டுக்குப் போனால், "பிறவியிலேயே உள்ள நோய்தானே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய காலம் நெடுநாள் இருந்தது. 2023-இல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மாற்றுத் திறனாளிகளுக்கென்று ஒரு திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதிலும் பிரீமியம் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுமா என்பது வேறு பேச்சு. நிராமயாவில் சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. முன்பே உள்ள குறை என்று ஒதுக்குவதும் கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் புதிதாகச் சேர ரூ.250, மற்றவர்களுக்கு ரூ.500 என்று வைத்திருக்கிறார்கள். புதுப்பிக்க அதைவிடக் குறைவு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கைக்காசைப் போட வேண்டும். பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கையில் காசு இல்லாதவனுக்கு இது கஷ்டம்தான். இந்த முறையை வகுத்தவர்கள் ஒரு கூலி வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனாலும் சேராமல் இருப்பதைவிடச் சேர்வது மேல். டாக்டர் சீட்டு, மருந்துக்கடை ரசீது, பயிற்சிக்குக் கட்டிய ரசீது, எதையும் எறியாமல் ஒரு துணிப்பையில் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஒரிஜினல் ரசீது இல்லாமல் பணம் வராது. மாதக் கணக்கில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது அனுப்பிவிடுங்கள்.

இனி, நமக்குள்ளே பேச வேண்டிய ஒன்று. சில வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையின் பெயரை ரேஷன் கார்டில் சேர்ப்பதே இல்லை. அடையாள அட்டையும் வாங்குவதில்லை. "வெளியே தெரிஞ்சா பெரியவளுக்கு மாப்பிள்ளை அமையாதுங்க" என்று தாய்மார்கள் காதோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, அம்மா. சர்க்கார் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியாது. ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீடு இல்லை. ஊனச் சான்று இல்லாத பிள்ளைக்கு நிராமயா இல்லை. இரண்டு கதவையும் நாமே சாத்திவிட்டு, "சர்க்கார் ஒண்ணும் செய்யலே" என்று சொல்லி என்ன பயன்?

ஆகவே முதலில் பெயரைச் சேருங்கள். பிறகு மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் எது என்று அங்கேயே கேட்டால் சொல்வார்கள். நிராமயா மனுவை அந்த நிறுவனம் அனுப்பிவைக்கும். ஆதார், ரேஷன் கார்டு, ஊனச் சான்று, வங்கிப் புத்தகம், பிள்ளையின் போட்டோ ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வறுமைக்கோட்டுச் சலுகைக்கு அதற்குரிய சான்றும் வேண்டும். இந்த அலைச்சலைப் பெண்சாதி தலையிலேயே கட்டாதீர்கள், ஐயா. பிள்ளையை அவள் தூக்கினால் காகிதத்தை நீங்கள் தூக்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இன்னும் வாங்காதவர்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்றுக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டும் வைத்துக்கொள்ளலாம்.

நிராமயா ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பொங்கல் கழிந்ததுமே புதுப்பிப்பது பற்றி அந்தத் தொண்டு நிறுவனத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். "எங்கள் பிள்ளைக்கு முப்பது வயசு ஆயிடுச்சே" என்று அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கேட்கிறார். வயது வரம்பு கிடையாது, ஐயா, அவரையும் சேர்க்கலாம்.